1,200 கிலோமீட்டர் தள்ளி ஒரு தோல் டாக்டர்: குயின்ஸ்லாந்து கிராம கிளினிக்கில் டெலிமெடிசின் எவ்வளவு கை கொடுக்கும்?

கேள்வி இதுதான்: "தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். படித்துவிட்டு இங்கிலாந்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். அடுத்த மாதம் ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்தின் மேற்கே ஒரு சின்ன ஊர் கிளினிக்கில் சேர்கிறேன். தோல் புற்றுநோயை நான் அதிகம் பார்த்ததே இல்லை. அங்கே தோல் டாக்டர் யாரும் கிடையாதாம். டெலிமெடிசின் இருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்கிறார்கள். அதை நம்பிப் போகலாமா?"

போகலாம். ஆனால் டெலிமெடிசின் என்றதும், திரையில் ஒரு நிபுணர் தோன்றி நோயாளியின் முதுகைப் பார்த்து "இது மெலனோமா" (தோல் புற்றுநோயில் ஆபத்தான வகை) என்று சொல்லிவிடுவார் என நினைத்திருந்தால் அதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். நானும் உங்களைப் போலத்தான் வந்தேன். வெளிநாட்டில் படித்த டாக்டர் என்றால் பத்து வருடம் வரை ஆள் பற்றாக்குறை உள்ள ஊரில்தான் வேலை என்ற விதி என்னை இங்கே கொண்டுவந்து போட்டது. பிறகு ஊர் பிடித்துப்போய் இருந்துவிட்டேன். இத்தனை வருடத்தில் எனக்குத் தெரிந்தவரை, தூரத்து நிபுணர் செய்வது வேலையில் கால் பங்கு. எதைப் படம் எடுப்பது, எப்படி எடுப்பது, என்ன கேட்பது, பதில் வந்ததும் யார் வெட்டுவது, அந்த ஆளை யார் திரும்ப வரவழைப்பது என்ற மீதி முக்கால் பங்கும் உங்கள் அறையில்தான் நடக்கும்.

முதலில் ஊரைப் புரிந்துகொள்ளுங்கள். ஆஸ்திரேலியர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு 70 வயதுக்குள் ஏதாவது ஒரு தோல் புற்றுநோய் வந்துவிடுகிறது. அதிலும் குயின்ஸ்லாந்து முன்வரிசை. அயர்லாந்து, ஸ்காட்லாந்து வெயிலுக்கென்று அமைந்த தோல், இந்த வெயிலில் நாலைந்து தலைமுறையாக மாடு ஓட்டுகிறது, வேறென்ன நடக்கும்? உங்களிடம் வருகிறவர் பிரஷர் மாத்திரைக்குத்தான் வருவார். சீட்டை வாங்கிக்கொண்டு கதவுப் பிடியில் கை வைத்தபடி, "டாக்டர், இதையும் ஒரு தடவை பாருங்க, வீட்டுக்காரி நச்சரிக்கிறா" என்பார். அந்த "இதையும்" உங்களுடைய அன்றைய நாளின் முக்கியமான கேஸாக இருக்கலாம். கதவை மூடச் சொல்லிவிட்டு உட்கார வையுங்கள்.

தூரத்தையும் கணக்கில் வையுங்கள். மேற்கே உள்ள லாங்ரீச்சிலிருந்து மாநிலத் தலைநகர் பிரிஸ்பேன் கிட்டத்தட்ட 1,200 கிலோமீட்டர். மவுண்ட் ஐசாவிலிருந்து டவுன்ஸ்வில் 900. ஆஸ்பத்திரி 50 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தால் மாநில அரசு பயணச் செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. என்றாலும் பிரச்சினை பணம் மட்டும் இல்லை. மாடுகளை ஒன்றுசேர்க்கும் பருவத்தில் ஒரு பண்ணைக்காரரை, "ஒரு மச்சம் சந்தேகமாக இருக்கிறது, மூன்று நாள் போய்வாருங்கள்" என்றால் தலையாட்டிவிட்டுப் போவார், போகமாட்டார். அடுத்த வருடம் அதே மச்சத்தோடு வருவார், அது கொஞ்சம் பெரிதாகியிருக்கும். 1 மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் வெட்டியெடுத்த மெலனோமாக்காரர்களில் பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். 4 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டால் கதையே வேறு. தூரத்து டாக்டரைக் கூப்பிடுவதன் மொத்த நோக்கமும் அந்த ஒரு வருடத்தை மிச்சப்படுத்துவதுதான்.

இந்த நாட்டுக்கு தூரத்து வைத்தியம் புதிதும் இல்லை. 1928இல் குயின்ஸ்லாந்தின் க்ளோன்கரி என்ற ஊரில் ஜான் ஃப்ளின் என்ற பாதிரியார் பறக்கும் டாக்டர் சேவையைத் தொடங்கினார். ஆல்ஃப்ரட் டிரேகர் என்பவர் சைக்கிள் மிதிப்பதுபோல் மிதித்து மின்சாரம் எடுக்கும் ரேடியோவைச் செய்துகொடுத்தார். அப்புறம் பண்ணை வீடுகளுக்கு எண் போட்ட மருந்துப் பெட்டிகள் வந்தன. டாக்டர் ரேடியோவில் "இத்தனாம் நம்பர் மாத்திரையில் ரெண்டு கொடுங்கள்" என்றால் போதும், மருந்தின் பெயர் தெரிய வேண்டியதில்லை. இந்தப் பக்கத்து வயதானவர்களுக்கு இது பழகின சங்கதி. படம் அனுப்பிக் கேட்கிறேன் என்றால் நகரத்துக்காரர்களைவிட இவர்கள் சுலபமாக ஒத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும்.

சரி, முறைக்கு வருவோம். இரண்டு விதம் உண்டு. ஒன்று நேரடி வீடியோ. இன்னொன்று, படமும் குறிப்பும் எழுதி அனுப்பிவிட்டு, நிபுணர் தன் நேரத்தில் பார்த்துப் பதில் போடுவது. மச்சம் பார்ப்பதற்கு இரண்டாவதுதான். வீடியோவில் தெரிகிற மச்சம் கலங்கிய குளத்தில் தெரிகிற கல் மாதிரி. நோயாளி மூச்சு விட்டாலே ஃபோகஸ் போய்விடும். நிற்கிற படம் துல்லியமாக இருக்கும். உங்கள் ஊரில் இன்டர்நெட் தவழ்ந்தாலும் படம் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும். நிபுணரின் நேரமும் உங்கள் நேரமும் ஒத்துவர வேண்டிய அவசியமில்லை. கிராமப்புற டாக்டர்களுக்கான கல்லூரி, அதாவது ஏக்ரம், இதற்கென்றே டெலி-டெர்ம் என்ற சேவையை நடத்துகிறது. ஜிம் மியூர் என்ற தோல் டாக்டர் பல ஆண்டுகள் அதில் கிராம டாக்டர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவந்தார். மற்றவர்கள் அனுப்பிய பழைய கேஸ்களும் அதில் சேர்ந்து கிடக்கின்றன. ராத்திரி தூக்கம் வராவிட்டால் அதைப் படியுங்கள், பாடப்புத்தகத்தைவிடப் பயன்.

எவ்வளவு நம்பலாம் என்று கேட்டீர்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018இல், அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தது. "இது புற்றுநோயாக இருக்கலாம், விடக்கூடாது" என்று படத்தை வைத்துப் பிரித்தெடுத்ததில், 100 புற்றுநோய்களில் ஏறக்குறைய 95 பிடிபட்டன. புற்றுநோய் அல்லாத 100இல் 84 வாக்கில் சரியாக ஒதுக்கப்பட்டன. நல்ல கணக்குதான். ஆனால் இதில் இரண்டு விஷயம் ஒளிந்திருக்கிறது. 100இல் 5 நழுவுகின்றன, ஆகவே "ஒன்றுமில்லை" என்று பதில் வந்தாலும் உங்களுக்கு உறுத்தினால் வெட்டுங்கள். இன்னொன்று, யாரோ ஒரு டாக்டர் பொறுக்கியெடுத்துப் படம் பிடித்த மச்சங்களைப் பற்றிய கணக்கு இது. நீங்கள் பார்க்காமலே விட்ட மச்சம் எந்தக் கணக்கிலும் வராது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வந்த புதிதில் ஒரு பெரியவர் முன்கையில் ஒரு திட்டைக் காட்டினார். அழகாகப் படம் எடுத்தேன், அனுப்பினேன், வயதில் வரும் சாதாரண மரு என்று பதில் வந்தது, சந்தோஷமாக அனுப்பிவைத்தேன். ஏழு மாதம் கழித்து அவர் மனைவி சட்டையைத் தூக்கிக் காட்டினார். தோள்பட்டைக்குக் கீழே, அவர் கண்ணுக்கு எட்டாத இடத்தில், கறுப்பும் சாம்பலுமாக ஒன்று. அன்று அவரைச் சட்டையைக் கழற்றச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அதிர்ஷ்டம், மெல்லியதாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து ஒரு விரலைக் காட்டினாலும் உச்சந்தலை முதல் உள்ளங்கால்வரை பார்ப்பது என்று வைத்திருக்கிறேன். காதுக்குப் பின்னால், விரலிடுக்கு, நகம் எல்லாம்.

இப்போது படம். இதில்தான் பெரும்பாலானவர்கள் சொதப்புகிறார்கள். ஒரு மச்சத்துக்குக் குறைந்தது மூன்று படம் வேண்டும். முதல் படம் தள்ளி நின்று, அது உடம்பில் எங்கே இருக்கிறது என்று தெரிகிற மாதிரி. இரண்டாவது அருகில் வந்து, பக்கத்தில் ஒரு சின்ன அளவுகோலை வைத்து. மூன்றாவது டெர்மட்டாஸ்கோப் வழியாக. அது பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைக்கருவி. போனோடு ஒட்டிக்கொள்ள மாட்டி கிடைக்கும். போன் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள், கருவியிலேயே விளக்கு இருக்கிறது. கண்ணாடியைத் தோலில் அழுத்தி வைத்தால் ரத்தக் குழாய்கள் வெளுத்து மறைந்துபோகும். இளஞ்சிவப்பு நிறத்தில் இருக்கிற கட்டியில் அந்தக் குழாய்கள்தான் முக்கியமான துப்பு, ஆகவே அதை மட்டும் தொடாமல் போலரைஸ்டு ஒளியில் எடுங்கள். தொட்டு எடுப்பதானால் ஒரு சொட்டு ஜெல் போடுங்கள். நகத்துக்கு ஸ்கேன் ஜெல்தான் சரி, வழியாமல் நிற்கும்.

முதல் படத்தை யாரும் மதிப்பதில்லை. ஆனால் பதில் வர இரண்டு நாள், வெட்ட இரண்டு வாரம் என்று போகும்போது, முதுகில் நாற்பது புள்ளிகள் உள்ள மனிதரிடம் எந்தப் புள்ளியைப் பற்றிப் பேசினோம் என்பது உண்மையாகவே மறந்துபோகும். அவருக்கும் தெரியாது, முதுகாயிற்றே. "இடது தோள்பட்டை எலும்பின் கீழ்முனையிலிருந்து நாலு சென்டிமீட்டர் உள்ளே" என்று எழுதிவையுங்கள், பேனாவால் வட்டம் போட்டு ஒரு படம் எடுத்துவையுங்கள். மை மச்சத்தின் மேல் படக்கூடாது.

சொந்தப் போனில் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. படம் தானாகவே கிளவுடுக்குப் போய், குடும்ப ஆல்பத்தில் உங்கள் மகளின் பிறந்தநாள் படத்துக்கு அடுத்ததாக ஒருவருடைய தொடை வந்து நிற்கும். கிளினிக்கின் பாதுகாப்பான செயலியிலோ தனிக் கேமராவிலோ எடுங்கள், நோயாளியிடம் சம்மதம் கேட்டு அதைப் பதிவும் செய்யுங்கள், படம் கேஸ் ஃபைலில் இருக்க வேண்டும்.

குறிப்பு எழுதுவதும் ஒரு கலை. "முதுகில் மச்சம், தயவுசெய்து பார்க்கவும்" என்று எழுதினால் அதற்கேற்ற பதில்தான் வரும். "58 வயது, வேலி போடும் வேலை, அப்பாவுக்கு மெலனோமா, மூன்று மாதமாக வளர்கிறது என்கிறார், ஒரு தடவை ரத்தம் கசிந்தது, தொட்டால் கெட்டியாக இருக்கிறது. நான் நாளை மறுநாள் 2 மில்லிமீட்டர் விளிம்போடு முழுதாக எடுக்கலாம் என்றிருக்கிறேன், ஒத்துக்கொள்கிறீர்களா?" என்று எழுதிப் பாருங்கள். தொட்டுப் பார்த்த உணர்வை எந்தப் படமும் அனுப்பாது, அதைச் சொற்களில்தான் அனுப்ப வேண்டும். கூடவே உங்கள் முடிவைச் சொல்லிக் கேட்பதால் ஒவ்வொரு பதிலும் உங்களுக்கு ஒரு பாடமாகிறது. முதல் வருடத்தில் நான் அனுப்பியவற்றில் பெரும்பாலானவை வயதில் வரும் செபோரிக் மருக்கள். இப்போது அவற்றை அனுப்புவதே இல்லை, பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது. தேவையில்லாமல் வெட்டுவது குறைந்ததும் இந்தப் பழக்கத்தால்தான்.

பதில் "எடுங்கள்" என்று வந்தால் எடுக்கப்போவது நீங்கள். தையல் போடத் தயங்குகிற டாக்டருக்கு டெலிமெடிசின் பாதி வழிதான் உதவும். மெலனோமா சந்தேகம் என்றால் நடுவில் ஒரு துளை போட்டு எடுக்காதீர்கள்; முழு மச்சத்தையும் 2 மில்லிமீட்டர் விளிம்போடு எடுத்து அனுப்புங்கள். ஓரத்தில் சாதுவாகவும் நடுவில் ஆபத்தாகவும் இருக்கிற மச்சத்தில் துளைக் கருவி எங்கே விழுந்தது என்பதே முடிவைத் தீர்மானித்துவிடும். முகத்தில் பரந்து கிடக்கிற தட்டையான கறையை அப்படி எடுக்க முடியாது. அப்போது வெட்டுவதற்கு முன்பே கேளுங்கள். கை கால்களில் வெட்டை நீளவாக்கில் போடுங்கள். பாத்தாலஜிக்கு அனுப்பும்போது டெர்மட்டாஸ்கோப் படத்தையும் கூட அனுப்பினால், மைக்ரோஸ்கோப்பில் திசுவைப் பார்க்கிறவர் எந்த மூலையைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வார்.

மெலனோமா என்று வந்தால், ரிப்போர்ட்டில் முதலில் தேட வேண்டியது பிரெஸ்லோ தடிமன், அதாவது அது தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்ற அளவு. தோலின் மேல்பரப்பிலேயே நிற்கும் இன்-சிட்டு வகை என்றால் 5 முதல் 10 மில்லிமீட்டர் விளிம்பு விட்டு மறுபடி எடுப்பது பெரும்பாலும் உங்கள் கிளினிக்கிலேயே நடக்கும். 1 மில்லிமீட்டருக்குள் என்றால் 1 சென்டிமீட்டர். ஆனால் 0.8, 1 என்று தடிமன் நெருங்கும்போது கையைக் கட்டிக்கொண்டு முதலில் போனை எடுங்கள். நிணநீர்க் கட்டியில் பரவியிருக்கிறதா என்று பார்க்கும் சென்டினல் பயாப்ஸி தேவைப்படலாம், அதை அகல விளிம்பு வெட்டும் அதே அறுவையில் செய்வதுதான் முறை. நீங்கள் ஆர்வத்தில் அகலமாக வெட்டிவிட்டால் நிணநீர் ஓடும் பாதையே மாறிப்போய், பிறகு வரும் சர்ஜனுக்கு வழி தெரியாது. இந்த ஒரு தப்பைத் தடுக்க ஐந்து நிமிட போன் பேச்சு போதும்.

அனுப்பிவிட்டுக் காத்திருக்கக் கூடாத கேஸ்களும் உண்டு. இளஞ்சிவப்பாக, கெட்டியாக, மேடாக, வாரத்துக்கு வாரம் வளர்கிற கட்டி. முடிச்சு வகை மெலனோமாவுக்கு நிறமே இல்லாமல் இருக்கலாம், மச்சத்தின் வடிவம், ஓரம், நிறம், அகலம் பார்க்கச் சொல்லி நாம் படித்த ஏ-பி-சி-டி விதிகள் எதிலும் சிக்காது. அதைப் படம் எடுங்கள், அனுப்புங்கள், பதிலுக்காக வெட்டைத் தள்ளிப்போடாதீர்கள். உதட்டிலும் காதிலும் வருகிற ஸ்குவாமஸ் செல் புற்றுநோயும், சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்களுக்கு வருவதும் அதே அவசரம். பேசல் செல் புற்றுநோய் அப்படி இல்லை, மெதுவாக வளரும், பரவுவது மிக அரிது. மூக்கு, கண்ணோரம் தவிர மற்ற இடத்தில் நிதானமாகச் செய்யலாம்.

பதில் வந்தபின் என்ன ஆகிறது என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. நான் முன்பு வேலை பார்த்த ஒரு கிளினிக்கில் ஒரு பதில், விடுப்பில் போயிருந்த டாக்டரின் இன்பாக்ஸில் ஐந்து வாரம் கிடந்தது. அனுப்பியவர் தற்காலிக டாக்டர், ஒப்பந்தம் முடிந்து வேறு ஊருக்குப் போய்விட்டார். நோயாளியோ சிக்னல் இல்லாத இடத்தில் மாட்டு வேலையில். யாருடைய தப்பு என்று விசாரித்தால் எல்லாரும் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தார்கள். அதனால் நான் போகிற இடத்திலெல்லாம் நர்ஸ் கையில் ஒரு நோட்டு இருக்கச் சொல்கிறேன்: அனுப்பிய தேதி, பதில் வந்த தேதி, வெட்டிய தேதி, ரிப்போர்ட், நோயாளிக்குச் சொன்ன தேதி. ஐந்து கட்டமும் நிரம்பாத பெயரை வெள்ளிக்கிழமை உரக்கப் படிப்பார். மனைவியின் நம்பர், பக்கத்துப் பண்ணை நம்பர் இரண்டும் அதே வரியில் இருக்கும்.

நேரடி வீடியோவுக்கும் இடம் உண்டு, அது நோய் உறுதியான பிறகு. வட குயின்ஸ்லாந்தில் டவுன்ஸ்வில் புற்றுநோய் மையம் 2007 முதலே மவுண்ட் ஐசா போன்ற ஊர்களின் நோயாளிகளை வீடியோவில் பார்த்துவருகிறது. அதை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர் சேப் சபேசன் என்ற புற்றுநோய் டாக்டர். பெயரைக் கேட்டதும் நமக்கு ஒரு நெருக்கம் வரும். சிறிய ஊர் ஆஸ்பத்திரியின் நர்ஸே, பெரிய மையத்தின் மேற்பார்வையில் மருந்து ஏற்றுவதுவரை அந்த ஏற்பாடு வளர்ந்திருக்கிறது. பரவிய மெலனோமாவுக்கு இப்போது பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி மருந்துகள் உண்டு. சில வாரங்களுக்கு ஒருமுறை ஏற்ற வேண்டியவை, அதற்காக ஒவ்வொரு தடவையும் 900 கிலோமீட்டர் ஓடுவது யாராலும் முடியாது. ஆனால் பக்கவிளைவு வரும்போது நிபுணர் திரையில் இருக்கமாட்டார், நள்ளிரவில் உங்களிடம்தான் வருவார்கள். இந்த மருந்தில் இருப்பவருக்கு வயிற்றுப்போக்கு என்றால் "ஏதோ சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை" என்று அனுப்பாதீர்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தி குடலையே தாக்கிக்கொண்டிருக்கலாம்; ஸ்டீராய்டு தாமதமானால் குடலில் ஓட்டை விழும் அபாயம் உண்டு. மூச்சுத் திணறல், மஞ்சள் காமாலை, காரணமில்லாத சோர்வு எல்லாவற்றுக்கும் அதே எச்சரிக்கை. மையத்தின் இருபத்துநான்கு மணி நேர நம்பரைச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

போனில் வரும் செயற்கை அறிவுச் செயலிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நோயாளிகள் கேட்பார்கள். உலகம் முழுக்க இந்தக் கணினி மூளைகளைப் பயிற்றுவித்த பெயர்பெற்ற படத் தொகுப்பு ஒன்று உண்டு, ஹாம்10000. 2018இல் வெளியானது, 10,015 படங்கள். அதில் ஒரு பகுதி வியன்னா மருத்துவப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது, மறுபகுதி நம்ம குயின்ஸ்லாந்திலேயே கிளிஃப் ரோசண்டால் என்ற டாக்டரின் தோல் புற்றுநோய் கிளினிக்கிலிருந்து. ஒரு கிளினிக்கில் ஒழுங்காக எடுத்துவைத்த படங்கள் எவ்வளவு தூரம் போகின்றன பாருங்கள். ஆனால் அந்தத் தோல்கள் பெரும்பாலும் வெள்ளை, எனவே கறுத்த தோலில் செயலி சொல்வதை நான் நம்புவதில்லை.

அந்தக் கறுத்த தோல் விஷயத்தில் நீங்கள் இங்கே வருகிற பலரைவிடத் தேர்ந்தவர். பூர்வகுடி மக்களும், இந்த ஊர்களில் நர்ஸாகவும் லாரி ஓட்டுநராகவும் இருக்கிற நம்மவர்களும் "மெலனோமா எங்களுக்கு வராது" என்றே நினைக்கிறார்கள். குறைவாகத்தான் வரும், வந்தால் உள்ளங்காலிலும் நகத்துக்கடியிலும் வரும், தாமதமாகத் தெரியும். ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் கால்விரலில் மெலனோமாவைக் கண்டுபிடித்தார்கள், 1981இல் 36 வயதில் போய்விட்டார். வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உள்ளங்கால் ரேகைகளை டெர்மட்டாஸ்கோப்பில் பாருங்கள்: நிறம் பள்ளத்தில் ஓடினால் பெரும்பாலும் சாது, மேட்டில் ஓடினால் சந்தேகம். ஆறாத கால் புண்ணுக்கு மாதக்கணக்கில் கட்டு மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதை நம் ஊர்ப் பக்கமும் பார்த்திருப்பீர்கள், இங்கேயும் அது நடக்கிறது. அந்தப் படத்தை அனுப்பத்தான் யாருக்கும் தோன்றுவதில்லை.

கிளம்புவதற்கு முன் டெர்மட்டாஸ்கோப்பை வாங்கிவிடுங்கள், ஊரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். வாங்கியதும் உங்கள் கையில் உள்ள மச்சத்தையும் வீட்டில் உள்ளவர்களின் மச்சத்தையும் தினம் பத்து என்று படம் எடுத்துப் பழகுங்கள். முதல் ஐம்பது படம் கலங்கலாகத்தான் வரும்.